சைகோன் வீட்டு வாசலில் நான் கொடுத்த முத்தம்

பண்பாடு என்றால் கலை, மொழி, பழக்கவழக்கம் என்று மேடையேறி நிறையப் பேசலாம். புது வீட்டு வாசலில் போய் நிற்கும்போது அதெல்லாம் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். எதிரே நிற்பவரைக் கும்பிடுவதா, கை கொடுப்பதா? எனக்கு மூன்றாவதாக ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வினையே அதில்தான் வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். முத்தியால்பேட்டையில் ஒரு நூல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன்வரிசையில் முழங்காலிடும் தெரேஸைப் பார்த்துப் பார்த்து, சாமியாரின் பிரசங்கம் ஒன்றுகூட மண்டையில் ஏறாத காலம். (பக்தியில் குறைவில்லை, திசைதான் கொஞ்சம் மாறிவிட்டது.) கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் வீட்டாரோ சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய குடும்பம். நாங்கள் தறி ஓட்டிப் பிழைத்தவர்கள். இரண்டு வீட்டையும் தெரிந்த ஒரே ஆளான என் அத்தை தூது போய், பெண் பார்க்க நாளும் குறித்துவிட்டாள்.

"டேய், அவங்கல்லாம் பிரெஞ்சுக்காரன் மாதிரிடா. பாத்தவொடனே ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுப்பாங்க. நீ பேக்கு மாதிரி கும்புட்டுக்கினு நிக்காத" என்றாள்.

நண்பனிடம் கோட்டும் தொப்பியும் இரவல் வாங்கினேன். ஒரு வாரம் அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று "பொன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, வலம் ஒன்று, இடம் ஒன்று என்று பயிற்சி எடுத்தேன். "கண்ணாடி பூரா இன்னாடா எச்சி?" என்று அம்மா கத்தினாள்.

அந்த நாளும் வந்தது. அத்தை ரிக்‌ஷாவிலிருந்து இறங்குவதற்குள் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், முறுக்கிய மீசையோடு ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, கையில் வாழை இலைக் கட்டோடு இன்னொருவர். யார் எஜமான், யார் வேலையாள் என்று ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டேன். (அவ்வளவு கூர்மையான புத்தி எனக்கு!)

பாய்ந்து போய்க் கோட்டுக்காரரைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். வெங்காய வாசனை அடித்தது. பிரெஞ்சு சென்ட் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தொப்பியைக் கழற்றி இலைக் கட்டின் மேல் வைத்து, "பாத்து மாட்டு, கசங்கிடப் போவுது" என்றேன்.

கோட்டுக்காரர் கன்னத்தைத் துடைத்தபடி, "தம்பி, நான் சமையல்காரன்" என்றார்.

இலைக்காரர், "நான்தான் பொண்ணோட அப்பா. தொப்பிய எங்க மாட்டணும்?" என்றார்.

விஷயம் இதுதான். "அவங்க கோட்டு சூட்டப் பாத்தா மெரண்டுடுவாங்க. வேட்டி கட்டிக்கினு, எல போட்டு சோறு போடுங்க" என்று அத்தை அங்கேயும் ஓதியிருக்கிறாள். எங்களுக்காக அந்தப் பட்டாளத்துக்காரர் பல வருஷம் கழித்து வேட்டி கட்டியிருக்கிறார். சமையல்காரருக்கோ அந்தக் கோட்டு அன்றாட உடுப்பு.

"இன்னொன்னு தம்பி, எங்க வூட்ல ஆம்பளைங்க கை குடுக்கறதோட சரி" என்றார் பெண்ணின் அப்பா. முகத்தில் சிரிப்பே இல்லை.

இரவல் கோட்டோடு தரையில் உட்கார்ந்தேன். இலையில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தெரேஸ் எனக்கில்லை என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கியது. அப்போதுதான் உள்ளறையில் அடக்கி அடக்கிப் பார்த்த ஒரு சிரிப்பு வெடித்தது. யாரோ அதட்டியும் நிற்கவில்லை.

"இன்னா தெரேஸ், இவரு வேணாமா?" என்று அப்பா உள்ளே பார்த்துக் கேட்டார்.

"வேணும் பப்பா. ஆயுசு பூரா சிரிச்சிக்கினே இருக்கலாம்."

அப்பாவும் அப்போதுதான் சிரித்தார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் விருந்து ருசியாக இருந்தால் யாரும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. "சமைச்சவங்களுக்கு முத்தம் குடுக்கணும், அவரக் கூப்புடுங்க" என்று என்னைத்தான் தேடுகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சமைப்பது தெரேஸ்தான். அதனால் நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.