பன்னிரண்டு சிப்பிகளின் வருகைப் பதிவேடு

நாய் வளர்ப்பவரை நாய் வாசல்வரை வந்து வரவேற்கும். பூனை வளர்ப்பவரைப் பூனை சகித்துக்கொள்ளும். கிளி வளர்ப்பவரைக் கிளி நாலு பேர் முன்னால் திட்டும். இந்த மூன்று ஜாதியிலும் சேராத ஓர் இனம் உண்டு. வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புத் தண்ணீர் நிரப்பி, உயிரோடு சிப்பி வளர்ப்பவர். முத்துச் சிப்பி என்று நினைத்துவிடாதீர்கள், அதிலாவது ஒரு லாபநோக்கம் இருக்கிறது. நான் சொல்வது கடலோரப் பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, விரல் நீளத்தில், கறுப்பு ஓட்டோடு, யாரையும் ஏறெடுத்தும் பார்க்காமல் இருக்குமே, அந்தச் சிப்பியை.

அது என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? வாயைத் திறக்கும். தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, வெளியே விடும். மூடிக்கொள்ளும். மறுநாளும் இதே நிகழ்ச்சிதான். செத்துப்போனால் மட்டும் திறந்த வாயை மூடாது. ஆகவே அது உயிரோடிருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் இடையே பெரிய வித்தியாசத்தை எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது.

எங்கள் அடுக்குமாடியில், என் வாசலுக்கு நேர் எதிர் வாசலில், இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். ஓர் அலுவலகத்தில் கிளை மேலாளராக இருந்தவர். கிளையை மூடிவிட்டார்கள், இவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டடத்தில் இப்போது அவருக்குச் சிப்பியார் என்று பெயர். சிப்பிக்குச் சூடு ஆகாது என்பதால் படுக்கையறையிலிருந்த ஏசி கூடத்துக்கு மாற்றலாகிவிட்டது, அதிர்வு ஆகாது என்பதால் மிக்ஸி குளியலறைக்குப் போய்விட்டது, வெளிச்சம் அதிகமாகக்கூடாது என்பதால் கூடத்துத் திரைச்சீலைகள் ஒன்பது மாதமாக மூடியே இருக்கின்றன, ஜன்னல் விளிம்பு முழுக்கச் சிப்பிகளின் சாப்பாடான பச்சைத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வெயில் காய்கிறது, கதவை யாராவது படாரென்று சாத்தினால் வீட்டில் அன்று முழுக்க விசாரணைக் கமிஷன். மனைவி மட்டும் எங்கேயும் மாற்றப்படவில்லை. அவருக்கு ஏற்கெனவே சமையலறைதான்.

காலை ஏழு மணிக்கு ஆஜர் எடுப்பார். ஆமாம், ஆஜர்தான். பன்னிரண்டு சிப்பிகளின் ஓட்டிலும் வெள்ளை நகப்பூச்சால் எண் எழுதியிருக்கிறது. கண்ணாடிக் குச்சியால் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டுவார். தட்டியதும் திறந்த வாயை மூடிக்கொண்டால் 'உள்ளேன் ஐயா' என்று பொருள். பதிவேட்டில் 'வ' என்று குறித்து, நீளத்தை அளந்து எழுதுவார். ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட ஒரு சிப்பிக்கும் விடுப்புக் கிடையாது. அவருடைய கிளையில் இப்படி ஒரு வருகை இருந்திருந்தால் அதை ஏன் மூடப்போகிறார்கள்?

"மீனை யார் வேணா வளக்கலாம், சார்" என்பார் என்னிடம். "சிப்பிக்குத்தான் நிர்வாகத் திறமை வேணும். எல்லாரும் ஒரு மாசத்துல சாகடிச்சுடறாங்க. ஏன்? மேற்பார்வை இல்ல."

பதிவேட்டில் சில புதிர்களும் உண்டு. மூன்றாம் எண் ஒரே இரவில் அரை சென்டிமீட்டர் சுருங்கிவிடும். ஒன்பதாம் எண் மூலைப் பாறையைவிட்டுத் தொட்டியின் நடுவில் வந்து கிடக்கும். சாதாரண மனிதன் குழம்பிப்போவான். இவர் குழம்பவில்லை. சுருங்கியது அமாவாசையால் என்றும், இடம் மாறியது மனவருத்தத்தால் என்றும் பதினான்கு பக்கம் எழுதி, உப்புத் தொட்டி வளர்ப்போர் சங்கத்துக்கு அனுப்பினார். அவர்களும் படித்தார்கள் என்பதுதான் வேதனை.

போன மாதம் ஒரு நாள் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நகப்பூச்சுப் புட்டியும் வீட்டுச் சாவியும்.

"தம்பி, தங்கச்சிக்கு ஆபரேஷன். பத்து நாள் போயே ஆகணும். ஒரு உதவி செய்யணும்."

"தொட்டிக்குச் சாப்பாடு போடணுமாக்கா?"

"அதெல்லாம் அவரே போடுவாரு. செத்தா மாத்தணும்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தேன். சிப்பியார் ஆறு மணிக்கு நடக்கப் போவார், அரைமணியில் திரும்புவார். அந்த அரைமணியில் அக்கா கரண்டிக் காம்பால் பன்னிரண்டையும் தட்டிப் பார்த்து, மூடாததை எடுத்துவிட்டு, மீன்கடையிலிருந்து வாங்கிப் சமையலறை மூலை வாளியில் தயாராக வைத்திருக்கும் உயிர்ச் சிப்பியை எண் எழுதி உள்ளே விடுவாராம். ஒன்பது மாதமாக.

"இதுவரைக்கும் எத்தனை போயிருக்குக்கா?"

"நாப்பதுக்கு மேல எண்றத விட்டுட்டேன். முதல் பன்னண்டும் முதல் மாசத்துலயே போய்ச் சேந்துடுச்சு."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"வேலைய விட்டு வந்தப்புறம் நாலு மாசம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, தம்பி. கூப்பிட்டா ஒரு 'ம்' கிடையாது. இந்தத் தொட்டி வந்த அன்னைக்குத்தான் 'பசிக்குது, சோறு போடு'ன்னாரு. முதல் சிப்பி வாயப் பொளந்துகிட்டுக் கிடந்தத நான்தான் பாத்தேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிடுவாரோன்னு பயம். இப்பவும் அதே பயந்தான்."

சாவியை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

எட்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. இரண்டு மரணம், இரண்டு நியமனம், வாளி காலி. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குச் சங்கத்தார் தொட்டியைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் முன்னிலையில்தான் அன்றைய ஆஜர். ஆறு மணிக்கு உள்ளே போய்த் தட்டினேன். நான்காம் எண் மூடவில்லை. மறுபடி தட்டினேன். கெஞ்சியும் பார்த்தேன். நாற்றம் வந்துவிட்டது. விட்டுவைத்தால் தண்ணீர் கெட்டு மற்ற பதினொன்றும் அதன் பின்னாலேயே போகும்.

மீன்கடைக்கு ஓடினேன். உயிரோடிருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் என் உள்ளங்கை நீளம். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாங்கிவந்து, நாலு என்று எழுதி, உள்ளே விட்டு, நகப்பூச்சு ஒட்டிய ஈரக் கையைச் சட்டையில் துடைக்கும்போது லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம். என் வாசலுக்குள் பாய்ந்தேன்.

பத்து மணிக்குச் சங்கம் வந்தது, எதிர் வீட்டுச் சாட்சியாக என்னையும் சிப்பியார் கூப்பிட்டு நிறுத்தினார். தலைவரான பல் டாக்டர், அவர் மனைவி, இன்னும் ஐந்து பேர். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சிப்பிக்குத் தொந்தரவில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று, மூடியது. இரண்டு, மூடியது. மூன்று. அடுத்ததைத் தட்டப் போன குச்சி பாதியில் நின்றது. பத்தாம் நாள் ஊரிலிருந்து வரும் அக்காவிடம் எந்த முகத்தோடு என்ன சொல்வது?

சிப்பியார் அளந்தார். முந்தின நாள் ஐந்தரை சென்டிமீட்டர். இன்று ஒன்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். ஒன்பதேதான். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"பலிச்சிடுச்சு" என்றார். "ஒரு வாரமா தினமும் காலையில பேப்பர் படிச்சுக் காட்டறேன்."

பல் டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "எந்தப் பக்கம் சார்?"

"தலையங்கம் மட்டும். விளையாட்டுச் செய்தி படிச்சா மூடிக்கறாங்க."

ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். பல் டாக்டரின் மனைவி மட்டும் எழுதவில்லை. என் சட்டையிலிருந்த வெள்ளை நகப்பூச்சுக் கறையை ஒருமுறை பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை, எதற்கும் கையிருப்பு இருக்கட்டும் என்று மீன்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள், "சமைக்கவா, வளக்கவா?" என்றார்.

"அது எப்படிம்மா தெரியும்?"

"சமைக்கறவங்க கிலோவுல கேப்பாங்க. வளக்கறவங்க வீட்டுல இருந்து வர்றவங்க ஒண்ணு, ரெண்டுன்னு கேட்டு, விரலால அளவு காட்டுவாங்க. வாரம் ஏழெட்டுப் பேரு வர்றாங்க. பாவம், எல்லாரும் அவசரத்துலயே வருவாங்க."

எனக்குப் பின்னால் பல் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு எட்டிப்பார்த்தது. என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை.

"பெரிசா இருந்தாக் குடுங்கம்மா" என்றார் கடைக்கார அம்மாளிடம். "நேத்து சாயங்காலம் எங்க வீட்டுலயும் அவரு தலையங்கம் படிச்சுட்டாரு. வளந்தாகணுமே."

அக்கா ஊரிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இனிமே எல்லாமே பெரிசாப் பாத்து வாங்கணுமா!" என்றார். கூடத்திலிருந்து தலையங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

சிரித்து மாளாமல் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம் அந்தக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சரி, இதை எழுதினால் வாசகர்களாவது சிரிப்பார்கள் என்று மேசையில் உட்கார்ந்தேன். ஏனென்றால் எனக்கு வாசகர்கள் உண்டு. ஒன்பது வருடமாக நான் எது எழுதினாலும் ஒரே வாரத்தில் 'வயிறு வலிக்கச் சிரித்தேன், தொடர்ந்து எழுதுங்கள்' என்று ஒரு கடிதம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு பெயர், வேறு ஊர். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அத்தனையையும் கட்டி வைத்திருக்கிறேன். உற்சாகத்துக்காக அந்தக் கட்டைப் பிரித்தேன். தபால் முத்திரையை நான் இதுவரை கவனித்ததில்லை. எல்லா உறையிலும் எங்கள் தெருமுனைத் தபால் நிலையம்.

"என்ன தேடறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டேன்.

நீங்கள் சிப்பி வளர்க்கவில்லை, தெரியும். தொட்டியே கிடையாது, சரி. ஆனால் உங்கள் கைபட்டால் பழுதானது எதுவும் ஓடும் என்றோ, உங்கள் சொல்லைத் தட்டாத வீடு என்றோ, உங்கள் பாட்டுக்கு, உங்கள் யோசனைக்கு, உங்கள் ஜோக்குக்குத் தனி மதிப்பு என்றோ, பல வருடமாக ஒருநாளும் தவறாத ஏதோ ஒன்று உங்களுக்கும் இருக்கும். அது எப்படித் தவறாமலிருக்கிறது என்று வீட்டில் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடப் போகிறார்கள்.