சம்பந்தி முன்னால் கடவுளை நிரூபித்தது

ரெட்டியார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

மைத்துனர் அருட்தந்தை லூர்துநாதன் சாமிக்கு, அக்காள் கணவன் தேவதாஸ் எழுதுவது. உறவில் நீங்கள் சின்னவர், அங்கியில் பெரியவர். ஆகவே ஆசீர்வாதமும் தோத்திரமும் ஒரே உறையில் வருகின்றன, உரியதை எடுத்துக்கொள்ளவும். நானும் உங்கள் அக்காள் பிலோமியும் மகள் இனியாவும் சுகம். இனியாவின் கல்யாணம்தான் சற்றுச் சுகமில்லை.

கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமி கேட்கும்போது மாப்பிள்ளையின் அப்பாவே எழுந்து நிற்பாரோ என்று பயமாக இருக்கிறது. போன சனிக்கிழமை மாலை எங்கள் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடந்தது. ஜெபமாலை முடிந்ததும் தலைவி செல்வாம்பாள், "பைபிள் பகிர்வு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். கல்லூரியில் காலமெல்லாம் தத்துவம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? அதிலும் சம்பந்தி அந்துவான் உப்பளம் பங்கிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பூசை தவறாதவர், அவரை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விசுவாசத்தைத் தொடாமல் வெறும் பகுத்தறிவால் கடவுளை நிரூபிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அசைகிற எதையும் இன்னொன்று அசைக்கிறது; மேலே சுற்றும் ஃபேனைப் பாருங்கள், அதைச் சுற்றவைப்பது கரண்ட், கரண்டுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின்னால் மின்நிலையம், இப்படியே பின்னால் போனால் கடைசியில் யார் என்று கையை உயர்த்தினேன். கரண்ட் போய்விட்டது.

"நிறுத்துனது யாரு சார்?" என்றார் செல்வாம்பாள். நான் வியர்த்து வழிய அடுத்த வாதத்துக்குத் தாவினேன். "இம்மாம் பாடுபட்டு நிரூபிக்கிறீங்களே, ஒங்களுக்கே சந்தேகமா?" என்று மறுபடியும் கேட்டார் செல்வாம்பாள். உங்கள் அக்காள் எனக்குத் துணைக்கு வருவாள் என்று பார்த்தால், "நான் இருக்கேன்னு என்னைக்காவது நிரூபிச்சீங்களா? காப்பி கேக்குறீங்க, வருது. அது போதாதா?" என்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்துவான் சிரிக்கவில்லை. சுண்டலைக்கூடத் தொடாமல் எழுந்து போனவர், அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. நாத்திகன் வீட்டில் பெண் எடுக்கிறோமே என்று நினைத்திருப்பார். நீங்கள் புறப்பட்டு வந்து, "எங்க மச்சான் விசுவாசிதான், வாய்தான் நீளம்" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் மகளின் கல்யாணம் பிழைக்கும்.

சர்வேசுரன் உங்களுக்கு நல்ல சுகமும், சுருக்கமாகப் பிரசங்கம் வைக்கும் வரமும் தருவாராக.

தேவதாஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அந்துவான் வந்துவிட்டார். பிலோமி காப்பி போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி, எம் பொண்டாட்டி செத்ததுலேர்ந்து எனக்கு நம்பிக்கையே வரல. பூசைக்குப் போறேன், முட்டி போடறேன், உள்ள ஒண்ணும் தோணல. நீங்க நிரூபிக்கிறேன்னதும் ஆசையா ஒக்காந்திருந்தேன். நடுவுல நின்னு போச்சு, மனசு தாங்கல, எழுந்து போயிட்டேன். இது தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னுதான் போன எடுக்கல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பொண்ணு ஒங்க வீட்டுக்குத்தான்" என்றேன்; காப்பி வரும்வரை கையை விடவில்லை. ஆகையால் எனக்காகச் சாட்சி சொல்ல வர வேண்டாம், கல்யாணம் நடக்கும். அவர் போன பிறகு பிலோமி சொன்னாள்: "எம்மாம் விசுவாசமான மனுஷன்! அவரப் பாத்தாவது கத்துக்கங்க." சரி என்று தலையாட்டினேன்.