தொட்டியத்து அம்மாளிடம் நான் சொன்ன அட்ஜஸ்ட்

“...அதை எங்க ஊர்ல ‘இடமில்லே’ன்னு சொல்லுவோம் தம்பி. இங்கிலீஷ்ல சொன்னா இடம் வந்துடுமா?” என்று எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றபடி கேட்டார் தொட்டியத்து அம்மாள்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தப்பெல்லாம் எனக்கும் அந்த வினைச்சொல்லுக்கும் நடுவில்தான் இருந்தது.

அப்போது ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவைக்கும் வயது. (பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு வழியனுப்பிவிட்டது. எங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.) ‘அட்ஜஸ்ட்’ எனக்கு ரயிலில் கிடைத்தது. திருச்சி ஜங்ஷனில் ஏறினேன். எள் விழ இடமில்லை. கறுப்புக் கோட்டு டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்து, கையை விசிறி மாதிரி ஒரு வீசு வீசி, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார். அவ்வளவுதான். முறைத்துக்கொண்டிருந்தவர்கள் முழங்காலை மடக்கினார்கள். ஓர் அம்மாள் கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார். பலகை நீண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் ‘சித்த நகந்துக்குங்க’ என்றால், ‘நீ நகரேன்’ என்று பதில் வரும். ‘அனுசரிச்சுப் போங்க’ என்றால் எதிரில் இருப்பவருக்குத் தன் பழைய கஷ்டமெல்லாம் ஞாபகம் வந்துவிடும். ‘அட்ஜஸ்ட்’ என்றால் பதிலே வராது. ஒழுகுகிறது என்று சொம்பைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பேசாமல் எடுத்துப்போய்த் துளசிக்குத் தண்ணீர் விட வைத்துக்கொண்டார். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த நேரம் பார்த்து வைகுண்ட ஏகாதசி வந்தது. அக்காவுக்கு வந்த வரனெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா வீட்டில் சிரிப்பதை விட்டிருந்தார். தொட்டியத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம் ஒன்று, ‘சொர்க்கவாசலுக்கு வர்றோம், அப்படியே உங்க வீட்டுல ஒரு நாள் தங்கறோம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தது. எதற்கு என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆனால் மார்கழியில் கல்யாணப் பேச்சை வாயால் எடுக்கக் கூடாதே. அதனால் ‘பெண் பார்க்க’ என்று யாரும் சொல்லவில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

“உள்ளறையை அவங்களுக்கு ஒழிச்சு வைடா. வேற யாரையும் விட்டுடாதே. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது” என்றார் அப்பா.

ஒழித்துத்தான் வைத்தேன். அதற்குப் பிறகு, சம்சாரத்தோடு கடைக்கு வந்த திருவெள்ளறை விவசாயி ஒருவர், “ராத்தங்க இடம் கிடைக்குமா?” என்று கேட்டார். “வாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றேன். உறையூர் நெசவுக்காரர் கேட்டார். அவரிடமும் சொன்னேன். ரயிலில் பார்த்த ஒரு பஜனைக் கூட்டத்திடம், அவர்கள் கேட்காமலேயே சொன்னேன். எல்லோருக்கும் கொடுத்தது அதே உள்ளறைதான். பலகை நீண்டதுபோல் அறையும் நீளும் என்று மெய்யாகவே நம்பினேன்.

அறை நீளவில்லை. ஏகாதசி அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஊஞ்சலில் ஆர்மோனியம் படுத்திருந்தது. குதிருக்குள் நெல் மட்டும்தான் இருந்தது. அதையும் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். (இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பந்தியில் இலை நெருக்கமாக விழுந்தால் யாரும் பரிமாறுகிறவரைத் திட்டுவதில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.)

அப்போதுதான் தொட்டியத்து வில்வண்டி வந்து நின்றது. விடியற்காலையிலிருந்து கோயில் கூட்டத்தில் நசுங்கி, பச்சைத் தண்ணீரோடு விரதம் இருந்த அந்த அம்மாள் இறங்கி வந்தார். நான் கையை விசிறி மாதிரி வீசி அந்தச் சொல்லைச் சொன்னேன். பட்டினி கிடக்கிறவர்களிடம் ஆங்கிலம் பேசக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் திருப்பிக் கேட்டதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அவருடைய கணவர் மாட்டை அவிழ்க்காமல் நின்றார். மகன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பாவின் முகம் ஈயம் போன பாத்திரமாகியிருந்தது.

அந்த நேரத்தில் அக்கா சமையற்கட்டிலிருந்து வந்தாள். தலை கலைந்திருந்தது, புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், இடுப்பில் முறம் நிறைய அகத்திக்கீரை. காலையிலிருந்து அவளும் பட்டினி.

“நீங்களும் இவன் கூப்பிட்டு வந்தவங்கதானா? ரயில்லயா, கடையிலயா?” என்று கேட்டாள்.

“என்னம்மா கேக்கறே?”

“இவன் உங்களை எங்க பிடிச்சான்னு கேட்டேன். சரி, வந்தது வந்துட்டீங்க, பட்டினியா வாசல்ல நிக்காதீங்க. காலைக் கழுவிட்டு வாங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள இத்தனை பேருக்கும் பாரணைச் சாப்பாட்டுக்குக் கீரை ஆயணும். எனக்குக் கை பத்தல.”

அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவா, விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “நீ யாரு?”

“இந்த மகாராஜாவுக்கு அக்கா” என்றாள் அவள். “இவன் பொறந்ததிலேருந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

வண்டிப் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மகன்தான். அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கூடத்தில் இருந்த திருவெள்ளறைக்காரரின் சம்சாரத்திடம் “சித்த நகந்துக்கோ ஆத்தா” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முறத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்தார். மார்கழியாயிற்றே, கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. தன் கொண்டையிலிருந்த கோயில் பூவில் பாதியைக் கிள்ளி, குனிந்திருந்த அக்காவின் தலையில் வைத்துவிட்டு, அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தார்.