புண்ணாக்குப் பைக்குள் மொழி ஆராய்ச்சி

மைக்கைக் கண்டால் நம் ஆட்களின் நாக்கு குளித்துப் பட்டு உடுத்திக்கொள்ளும். வீட்டில் "இன்னாடா" என்பவர் மேடையில் "என்ன தம்பி" என்பார். இந்தச் சின்ன உண்மைகூடத் தெரியாமல் பேச்சுமொழி ஆராய்ச்சிக்குக் கிளம்பிய மேதை நான்.

எங்கள் ஊர் வடக்கனந்தல். 'பார்த்துக்கொண்டு' எங்கள் வாயில் 'பாத்துக்கினு' ஆகிவிடும். 'கொள்' என்ற முழு வினை இப்படித் தேய்ந்து இன்னொரு வினைக்கு வாலாகிப்போன கதைதான் என் ஆய்வு. "இங்கிலீஷ்ல 'போ'ங்கிற வினை 'கோயிங் டு', 'கானா'ன்னு தேய்ஞ்சு எதிர்காலத்தைக் காட்டுது. ஒட்டு உறவு இல்லாத மொழிக் குடும்பங்கள்லயும் இதே கூத்துதான்!" என்று என் பேராசிரியை வியந்துபோவார். அதே வாயால் எச்சரிக்கையும் செய்திருந்தார்: இந்த முறையும் இயல்பான பேச்சு பதிவாகவில்லையென்றால் ஆய்வை மூட்டை கட்டிவிடலாம். மூட்டை கட்டினால் அப்பா என் இனிஷியலை மாற்றிவிடுவார். (மாப்பிள்ளை ஜாதகம் பீரோவில் தயாராக இருந்தது.)

ஆகவே, ஒரு டேப் ரெக்கார்டரோடும் காவலுக்குத் தாய்மாமனோடும் வெள்ளிமலைக்கு ஜீப் ஏறினேன். மலைப்பாதைக் குலுக்கலில் ரெக்கார்டர் உடையாமலிருக்க, அம்மா தடிமனான ஒரு சாக்குப் பையைக் கொடுத்திருந்தாள். நேற்றுவரை அதில் கடலைப் புண்ணாக்கு இருந்தது.

வெள்ளிமலையில் இறங்கியதும் மாமா பெருமை தாங்காமல், "பாப்பா ரேடியோவுக்காகப் பேச்சு புடிக்க வந்துகீது!" என்று அறிவித்துவிட்டார். தீர்ந்தது. களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "சாமை எப்படிங்க வெதைப்பீங்க?" என்றேன்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! சாமையானது மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற பயிராகும்..."

அவர் மனைவியோ, "நேயர்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தார். மாலைவரை ஒருவர் வாயிலிருந்தும் ஒரு 'கினு' உதிரவில்லை. வெறுத்துப்போய் ரெக்கார்டரைப் பையில் திணித்தேன். அந்த வெறுப்பில் அதை நிறுத்த மறந்தேன்.

அப்போதுதான் களத்தோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு நிமிர்ந்து பார்த்தது.

அடுத்து நடந்ததை எங்கள் மொழியியல் துறையில் எல்லோரும் காதாரக் கேட்டார்கள். வெறும் மேடைப்பேச்சுதானே இருக்கும் என்று தயங்கித் தயங்கி நான் கொடுத்த கேசட்டை, பேராசிரியை கருத்தரங்கில் கடைசிவரை ஓடவிட்டார். விவசாயப் பெருமக்கள் முடிந்து, நான் வந்தேன்.

"அய்யய்யோ மாமா! தொரத்திக்கினு வருது! புடி, புடி!"

"ஓடாத! ஓடுனா இன்னும் ஜாஸ்தியா தொரத்தும்!"

"பைய உட்டுட்டு ஓடும்மா! புண்ணாக்கு வாசனக்கி வந்துகினு கீது!" இது சற்று முன் மானாவாரி நிலங்களைப் பற்றிப் பேசிய அதே பெரியவர்.

பிறகு பை விழும் சத்தம். அதன்பின் நீண்ட நேரம் மாடு நக்கும் சத்தமும் என் ஒப்பாரியும்.

துறையில் அச்சடித்த தமிழ் மட்டுமே பேசி மதிப்பாக நடமாடியவள் நான். மாமாவைப் "புடிங்க" என்னும் மரியாதைகூட வாயில் வரவில்லை. மேசைக்கடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். பேராசிரியையோ கண்ணில் நீர்வரச் சிரித்துவிட்டு, "இதுதாண்டி பதிவு!" என்று கேசட்டை மறுபடி ஓடவிட்டார். என் ஆய்வு பிழைத்தது. ஜாதகம் பீரோவிலேயே தூங்கியது. அந்தப் பெரியவருக்கும் அந்த மாட்டுக்கும் என் பட்டத்தில் பாதி சொந்தம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது மேடைத்தமிழில் பேசினால், பிள்ளைகள் "மாடு வந்துகினு கீது!" என்று கத்துவார்கள். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்த அவர், "பெருமதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுபோனார். பிள்ளைகள் கத்தினார்கள். சபை சிரித்தது. மாமாவும் சிரித்து, என்னைக் கைகாட்டினார்.

"இன்னாத்தச் சொல்றது? அது படிச்சிக்கினு இருந்துச்சி. நானு பாத்துக்கினு இருந்தேன். அவ்ளோதான்."

மாடு எதுவும் துரத்தாமலே நான் அழுதேன்.