குழாய் விட்ட கண்ணீர்

"கடல் தண்ணிய யாருய்யா குடிப்பாங்க?" என்று மேலாளர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

மாலையில் மேலாளரின் பிரிவுபசார விழா. அதில் வாசிக்கப் புலவர் எழுதிய வாழ்த்துரை, 'கடல் போன்ற அறிவு படைத்த ஐயா அவர்களே' என்று தொடங்கியது. அதுவோ குடிநீர் அலுவலகம். உவமைக்கு உலகத்தில் எத்தனையோ கிடக்க, உப்புத் தண்ணீரிலா போய் விழ வேண்டும்?

அவர் உண்மையில் புலவர் இல்லை, உதவி மேலாளர். பில் பாக்கி நோட்டீஸைக்கூட எதுகை மோனையோடு எழுதியதால் அலுவலகம் சூட்டிய பெயர் அது. பல வருடமாக மேலாளர் நாற்காலிமேல் அவருக்கு ஒரு கண். இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று தலைமையகம் கெஞ்சியும், ஆளை விட்டால் போதும் என்று மேலாளர் மறுத்துவிட்டார். மேடையில் அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் நாற்காலி. புலவரின் மனைவி அதற்கு ஒரு மெத்தையே தைத்து வைத்திருந்தாள்.

உவமையை அடித்துவிட்டு உருவகத்துக்குத் தாவினார். 'போன்ற' என்று இழுப்பானேன்? 'ஐயாதான் எங்கள் மழை' என்று ஒரே போடாகப் போட்டார்.

மேலாளரின் முகம் சுருங்கியது. போன மாதம் மேல்தொட்டி உடைந்து அலுவலகமே மிதந்ததைக் குத்திக் காட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார். பேசாமல் கணக்கரின் பெயரைச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதாகவும் காதில் போட்டு வைத்தார்.

இனி அடக்கி வாசித்தால் ஆகாது, உயர்வு நவிற்சிதான் கதி என்று புலவர் முடிவு கட்டினார்.

"ஐயா ஓர் அதட்டல் போட்டால், வறண்ட குழாயிலும் வெள்ளம் பாயும்" என்று உரக்க வாசித்தார்.

மேலாளர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள், புகார் கொடுக்க வந்து வெளிப் பெஞ்சில் காத்திருந்த அம்மாள் விடுவிடுவென்று உள்ளே வந்தாள்.

"அப்படின்னா எங்க தெருவுக்கு வந்து ஒரு அதட்டு அதட்டிட்டுப் போங்க. ஒரு வாரமா சொட்டுத் தண்ணி இல்ல."

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் மேலாளருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. தேநீர்க்கார அக்கா டம்ளரை வைத்துவிட்டு நைசாக நழுவினாள்.

"இதான் கடைசி. நெஞ்சத் தொடணும்" என்றார் மேலாளர்.

புலவர் வாசலுக்கு வந்து நின்றார். அங்கே அலுவலகத்தின் சொந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க் குழாய்களையெல்லாம் சரிசெய்கிறவர்கள் அதைத் தொட்டதே இல்லை. பள்ளியில் எத்தனை அடி வாங்கியும் மண்டையில் ஏறாத தற்குறிப்பேற்ற அணி, அந்த நொடியில் ஏறிவிட்டது. அதுபாட்டுக்கு நடப்பதன்மேல் நம் நினைப்பை ஏற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே?

ஓடிப்போய் எழுதி வாசித்தார்: "வாசல் குழாய் சொட்டுவது வாஷர் தேய்ந்ததால் அன்று. எங்கள் ஐயா போகிறாரே என்று அழுகிறது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வாசலுக்குப் போய்க் குழாயின் முன் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தலைமையகத்துக்குப் போன் போட்டார்.

உங்கள் பெயரைத்தான் சொல்வார் என்று கணக்கரே வந்து கைகொடுத்தார். புலவருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகமே கேட்க மனைவியைப் போனில் அழைத்து, மெத்தையோடு உடனே கிளம்பி வரச் சொன்னார்.

காலி டம்ளரை எடுக்க உள்ளே போயிருந்த தேநீர்க்கார அக்கா வெளியே வந்தாள்.

"சார், குழாயே அழுவுறப்ப நான் எப்படிப் போறதுன்னு பெரியவரு இன்னும் ரெண்டு வருஷம் இருக்க ஒத்துக்கிட்டாரு. அந்த மெத்தை வந்தா அவருக்கே போட்டுடவா?"