மாத்தளை மாவட்டத்தின் கடைசி டிவிடி ரைட்டர்

உலக விஞ்ஞான வரலாற்றை எழுதுகிறவர்கள் மாத்தளையை விட்டுவிட்டு எழுதினால் மாத்தளைக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டம் வரலாற்றுக்குத்தான். ஏனென்றால், பழைய டிவிடி ரைட்டரின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் அரிசி மணியளவு லேசர் டயோடை வெளியே எடுத்து, அதைக் கொண்டு பலூன் உடைக்கும் மகத்தான ஆராய்ச்சி இங்கேதான், அன்ஸாபின் வீட்டுப் பின்விறாந்தையில் நடந்துவருகிறது.

அன்ஸாப் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுநர். பகலில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பி நாட்டை முன்னேற்றுகிறார். மாலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு 'மாத்தளை மாவட்ட லேசர் ஆர்வலர் ஒன்றிய'த்தின் தலைவராகிறார். செயலாளர் டிலக்சன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். உறுப்பினர்கள் என்று தனியாக யாரும் இல்லை. தலைவரும் செயலாளரும் ஒத்துப்போகும் சங்கத்தில் உறுப்பினர்களும் இருந்தால் வீண் குழப்பம்தானே.

ஆராய்ச்சியில் ஒரு சிறு தடங்கல். லேசர் டயோட் ரோசக்காரச் சாமான். மின்சாரம் ஒரு துளி கூடினாலும் போதும், பளீரென்று ஒருமுறை எரிந்துவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க மின்மினி மாதிரி மங்கிக் கிடக்கும்.

"போயிருச்சு நானா," என்பார், தலைவரை அண்ணனாக வரித்துக்கொண்ட டிலக்சன்.

"போகல்ல. தரவு கெடச்சிருக்கு," என்பார் தலைவர்.

இப்படித் தரவு கிடைத்துக் கிடைத்தே ரைட்டர்கள் தீர்ந்தன. ஒன்றியம் அவசரமாகக் கூடியது. 'மின்கழிவிலிருந்து மண்ணைக் காப்போம்' என்ற தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிய, அது எதிர்ப்பின்றி நிறைவேறியது. அடுத்த சில மாதங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் போய் மண்ணைக் காத்தார்கள். அலுவிகாரையில் வீடு வீடாகக் காத்தார்கள். கலேவெலையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பையே காத்து முடித்தார்கள். வஹகோட்டையில் தேவாலயப் பாடகர் குழு அன்பளிப்பாகத் தந்த ரைட்டருக்குள் நத்தார் பாட்டு டிவிடி ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. ஒன்றியம் நேர்மையானது. மறுநாளே பாட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது. இனி இதை எதில் போட்டுக் கேட்பது என்று அங்கே ஒரு அம்மா கேட்டார். அந்தக் கேள்வி ஒன்றியத்தின் 'விடயப்பரப்பு'க்குள் வரவில்லை.

அன்ஸாபின் மனைவி நஸ்மியாவும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க. எங்கட கலியாண டிவிடிய போன்ல ஏத்தித் தாங்க எண்டு எத்தன வருசமாக் கேக்கிறேன்?"

"நாளைக்கு."

இந்த 'நாளைக்கு' அலுவலகத்தில் பழகிய சொல். வீட்டிலும் இதுவரை நன்றாகவே வேலை செய்துவந்தது. இந்த முறை நஸ்மியா விடுவதாக இல்லை. அவளுடைய வாப்பா றஹீம் ஹாஜியார் மவுத்தாகி ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் அவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓதுகிறார்கள். உம்மா வருகிறார். ஹாஜியாருக்கு போன் என்றாலே ஆகாது என்பதால், அவர் குரல் மிஞ்சியிருப்பது அந்த ஒரே கலியாணத் தட்டில்தான்.

அதிலும் நஸ்மியாவுக்கு வேண்டியது ஒரேயொரு இடம். நிக்காஹ் பள்ளிவாசலில், ஆண்களுக்கு நடுவே நடந்தது. மணப்பெண் வழக்கப்படி வீட்டில், அறைக்குள் இருந்தாள். வாப்பா மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு தன்னை ஒப்படைத்த சொல்லை அவள் வீடியோவில்தான் கேட்டாள். நிக்காஹ்வை நடத்திவைத்த லெப்பை சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் முடிந்த பிறகு வாப்பா தன்பாட்டுக்கு ஏதோ சொன்னார். லெப்பையே சிரித்துவிட்டார். முதன்முதலில் வீடியோவைப் போட்டபோது, புதுமணத் தம்பதியைப் பார்க்க வந்தவர்களின் இரைச்சலில் அது என்னவென்று அவளுக்குக் கேட்கவில்லை. ஆறுதலாகப் பார்க்கலாம் என்று தட்டை அலுமாரியில் வைத்தாள். அந்த ஆறுதல் வரவேயில்லை, வாப்பாவும் போய்விட்டார்.

மாவட்டத்தில் இனி ஒரு ரைட்டர் தேடினாலும் கிடைக்காது என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடைத்ததெல்லாம் அவள் வீட்டுப் பின்விறாந்தையில்தான் குவிந்து கிடந்தது. கொழும்பிலிருந்து புத்தம் புதிய ரைட்டர் ஒன்றை வரவழைத்தாள். வெள்ளிக்கிழமை பார்சல் வந்தபோது அவள் கத்தத்துக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அன்ஸாப்.

மறுநாள் சனிக்கிழமை நகர மண்டபத்தில் 'நாளைய தொழில்நுட்பம்' கண்காட்சி. ஒன்றியத்துக்கு மேடையிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். ஒன்றியத்தின் கடைசி டயோட், பார்சல் வருவதற்குச் சற்று முன்னர்தான் தன் தரவைத் தந்துவிட்டு மங்கியிருந்தது. டிலக்சன் பார்சலைப் பார்த்தார். அன்ஸாபும் பார்த்தார்.

"அது அக்காவோடது நானா."

"தெரியும். ஞாயித்துக்கிழமைக்குத்தானே அவக்கு வேணும். கழட்டினாத் திரும்பப் பூட்ட ஏலாதா?"

"பூட்டிறலாமா?"

"இவ்வளவு காலமும் எத்தன கழட்டியிருக்கோம்."

அதுவரை ஒன்றைக்கூடப் பூட்டியதில்லை என்பது அப்போது இருவருக்கும் நினைவு வரவில்லை. தொழிற்சாலையில் அந்தச் சின்னஞ்சிறு சாமானை மயிரிழை பிசகாமல் பொருத்த ஒரு தனி இயந்திரம் இருக்கிறது. அன்ஸாபிடம் சுப்பர் குளூ இருந்தது.

கண்காட்சி வரலாறு காணாத வெற்றி. மேடையின் ஒரு கோடியில் கறுப்புப் பலூனைக் கட்டினார்கள். மறுகோடியில் நின்ற அன்ஸாப் டிலக்சனின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு சுவிட்சை அமத்தினார். சிவப்புப் பொட்டொன்று நடுங்கி நடுங்கிப் போய்ப் பலூனில் உட்கார்ந்தது. பலூன் வெடித்தது. மண்டபம் கைதட்டியது. பிரதம அதிதி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"மிச்சம் நல்லம். இதால என்ன பிரயோசனம்?"

"பலூன் ஒடைக்கலாம் சேர்."

"ஊசியால ஒடைக்க ஏலாதா?"

"ஏலும் சேர். ஆனா கிட்டப் போகணுமே."

இந்த விஞ்ஞான விளக்கத்தில் பிரதம அதிதி முழுத் திருப்தியடைந்து பொன்னாடை போர்த்தினார். அன்று மாலையே அன்ஸாப் சொன்ன சொல் தவறாமல் டயோடைத் திரும்பப் பூட்டி, ரைட்டரைப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டியது பூட்டியபடி நின்றது. அந்த அளவில் வெற்றிதான்.

ஞாயிற்றுக்கிழமை கத்தம் ஓதி, வட்டிலாப்பம் சாப்பிட்டு ஆண்கள் கலைந்த பிறகு பெண்கள் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நஸ்மியா தட்டை ஷால் நுனியால் துடைத்து, லெப்டொப்பில் செருகிய ரைட்டரில் வைத்தாள். ரைட்டர் கிர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. தட்டைப் போடச் சொல்லி லெப்டொப் கேட்டது. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள். போட்டிருக்கும் தட்டையே லெப்டொப் திரும்பவும் கேட்டது.

"புதுச்சாமான். கொழும்பு ஆக்கள் ஏமாத்திட்டாங்களோ?" என்று ரைட்டரைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் சுப்பர் குளூ வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அன்ஸாபைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி. நீங்கதானே வாப்பாட கையப் புடிச்சிட்டு இருந்தீங்க," என்றாள் மெதுவாக. "வாப்பா என்ன சொன்னாரு? நீங்களே சொல்லுங்க."

"நிக்காஹ் செஞ்சு தந்தேன் எண்டு…"

"அது எல்லா வாப்பாவும் சொல்றது. அதுக்குப் பொறகு சொன்னது?"

அன்ஸாப் உண்மையாகவே யோசித்தார். அந்த வேளை அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. வீடியோக்காரர் கொண்டுவந்திருந்த கமெரா ஜப்பானில் செய்தது. லென்ஸைச் சுற்றி நீல வளையம். அதற்கு எத்தனை மெகா பிக்சல் என்பதுகூட இப்போதும் நாக்கு நுனியில் நின்றது. மாமனாரின் வாய் அசைந்ததும் நினைவிருந்தது. சொல்தான் வரவில்லை. அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

நஸ்மியாவின் உம்மா நாச்சியா தட்டை வாங்கி மடியில் வைத்துத் தடவினார்.

"மகன், நேத்து பலூன் ஒடச்சீங்களாமே, அந்த லைட்ட கொஞ்சம் கொண்டு வாங்க. இதுல அடிச்சுப் பாப்பம். ஹாஜியார் எங்கயாச்சும் தெரியிறாரோ தெரியாது."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது அந்தத் தட்டை வாசிக்கவென்றே செய்த வெளிச்சம்தான் என்று மாமியிடம் சொல்ல, மாத்தளை மாவட்ட லேசர் ஆர்வலர் ஒன்றியத்தின் தலைவருக்கு வாய் வரவில்லை.