வழி தவறாத ட்ரோன்

ட்ரோன் மறுபடியும் வீடு திரும்பிவிட்டது. சிக்கல் என்னவென்றால், அது அவர் வீடு இல்லை.

பல் டாக்டர் மொட்டைமாடியில் நின்றபடி ரிமோட்டை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். நான்கு தெரு தள்ளி, ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ட்ரோன் சமர்த்தாக இறங்குவது திரையில் தெரிந்தது. அது ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் மாடி. இரண்டு மாதத்துக்கு முன் அவரிடமிருந்துதான் டாக்டர் அதை வாங்கியிருந்தார்.

"போயிடுச்சா?" என்றாள் மனைவி, துணி உலர்த்திக்கொண்டே.

"பேட்டரி குறைஞ்சா வீட்டுக்குத் திரும்பணும்னு அதுக்குள்ள பதிஞ்சிருக்கு. எது வீடுன்னுதான் அதுக்குக் கொஞ்சம் குழப்பம்."

"இன்னும் ஒரு தடவை போகட்டும், வித்துடுவேன்."

சொன்னால் செய்வாள். அவருடைய புல்லாங்குழல் அப்படித்தான் போனது. அன்று அக்கம்பக்கத்தார் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் ட்ரோன் வேறு. இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த உலகம் நாலு விரல் அகலம். அதையும் விளக்கு போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்னத் திரையில் கூரைகளும் மரங்களும் விரியும்போதுதான், இன்னொரு திங்கட்கிழமையைத் தாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

அளவையர் வாசலிலேயே காத்திருந்தார். ட்ரோனைத் துடைத்தும் வைத்திருந்தார்.

"வாங்க டாக்டர். பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. டீ குடிச்சுட்டுப் பார்ப்போம்."

டீக்குப் பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரிமோட்டில் எதையெதையோ அழுத்தினார். "உங்க வீட்டு இடத்தைப் பதிஞ்சுட்டேன். இனி அரை அடி பிசகாது."

அப்புறம் பேச்சு. எந்தத் தெரு முன்பு குளமாக இருந்தது, எந்தப் பணக்காரர் வேலி ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்தது என்று அவருக்கு அத்தனையும் தெரியும். டாக்டருக்கு வியப்பு அதில் இல்லை. தான் ஒன்று கேட்டால் எதிரே இருப்பவர் பதில் சொன்னதுதான் வியப்பு. கிளினிக்கில் "பிள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்டால் வருகிற பதில் "ஆ" மட்டும்தான்.

அடுத்த ஞாயிறும் ட்ரோன் அங்கேயே போனது. நல்லவேளை, மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பழைய பேட்டரிதான் காரணம் என்று டாக்டர் முடிவுகட்டி, புதிது வாங்கிப் போட்டார். அதற்கடுத்த ஞாயிறு, புதிய பேட்டரியின் தெம்பில் ட்ரோன் அளவையர் வீட்டுக்கு இன்னும் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ கோளாறுதான்," என்றார் அளவையர், டீயை ஆற்றிக்கொண்டே. "இதோ, மறுபடியும் பதிஞ்சுட்டேன்."

நான்காவது ஞாயிறு டாக்டர் அதன் காலில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டார். இதைவிட நல்ல யோசனை உலகத்தில் இருந்திருக்க முடியாது. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் வெடுக்கென்று திரும்பியது. நூல் கையை அறுக்க, விட்டுவிட்டார். ட்ரோன் துணிக்கொடியைச் சுற்றி, இரண்டு கிளிப்புகளைத் தெறிக்கவிட்டு, நீலப் பூப்போட்ட நைட்டி ஒன்றோடு வானத்தில் ஏறியது.

தெருவே அண்ணாந்து பார்த்தது. மனைவியும்தான்.

"அது என்னோட நைட்டிதானே?" என்றாள், மிக மெதுவாக.

"ஆமா."

"நடங்க."

நான்கு தெருவும் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வருகிறாள் என்பது டாக்டருக்குத் தெரியும். ட்ரோனைத் தேடிப் போகும் கடைசி நடை இதுதான் என்று நினைத்தபடி பின்னால் போனார்.

அளவையரின் மருமகள் கதவைத் திறந்தாள். நைட்டி நான்காக மடிக்கப்பட்டு நாற்காலியில் இருந்தது.

"மன்னிக்கணும்மா," என்றார் அளவையர். "கொஞ்சம் ஈரமா வந்துச்சு. இஸ்திரி போட்டுத்தான் எடுத்து வெச்சேன். எந்தத் தெரும்மா உங்களுக்கு? கிணத்துக்கு எதிர் வீடா? அங்க உங்க பக்கத்து வீட்டுச் சுவர்…"

"ஒரு அடி எங்க பக்கம் வந்திருக்கு," என்றாள் மனைவி. "பத்து வருஷமா சொல்றேன், இவர் நம்பவே இல்லை."

"ஒண்ணேகால் அடி."

வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றேமுக்கால் மணி நேரம், இரண்டு டீ. டாக்டருக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. நோயாளிகளின் கஷ்டம் அவருக்கு அன்றுதான் புரிந்தது.

கிளம்பும்போது மனைவி அவர் காதருகே சொன்னாள்: "நல்ல மனுஷர். அந்தச் சனியனை வித்துடுங்க. நாலு தெருதானே, நடந்தே வருவோம்."

டாக்டருக்கு ட்ரோன், அளவையர் பேச்சு இரண்டும் வேண்டியிருந்தது. வாசல்வரை வந்த மருமகளிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"உங்க மாமனார் எத்தனையோ தடவை சரிபண்ணிப் பார்த்துட்டார்மா. ஏன் மாற மாட்டேங்குதுன்னு அவருக்கே பிடிபடலையாம். வேற யாராவது பார்த்தா சரியாகுமா?"

மருமகள் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா இதுவரைக்கும் வித்தது மூணு ட்ரோன் சார். மத்த ரெண்டு பேரும் புதனும் சனியும் வர்றாங்க. ஞாயிறுதான் காலியா இருந்துச்சு."